கழித்துப்போட்ட காய் யார் கணக்கில்?

ஒரு நிறுவனமும் நூறு சிறு விவசாயிகளும் காய்கறிக்கு ஒப்பந்தம் போட உட்காரும்போது எல்லோர் கண்ணும் விலைப் பத்தியில்தான் இருக்கும். கிலோவுக்கு எவ்வளவு, சந்தை விலைக்கு மேல் எவ்வளவு கூடுதல் என்பதைச் சுற்றியே பேச்சு நடக்கும். விதை, உரம், பயிற்சி எல்லாம் அடுத்து வரும். கொண்டுவந்த காயில் எவ்வளவை எடுத்துக்கொள்வார்கள், எதை எடுக்க முடியாது என்று சொல்வது யார், எடுக்காததை என்ன செய்வது என்பதெல்லாம் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரியில் முடிந்துவிடும். பல ஒப்பந்தங்களில் அந்த இரண்டு வரிகூட இருப்பதில்லை. அந்தக் கூட்டு விவசாயிக்கு லாபமா நஷ்டமா என்பதைத் தீர்மானிப்பதோ அந்த வரிகள்தான்.

உள்ளடக்கிய வணிகம் என்ற பேச்சு 2000-களின் நடுப்பகுதியில் வளர்ச்சித் துறையில் பரவத் தொடங்கியது. எளிய மக்களை நன்கொடைக்கும் மானியத்துக்கும் உரியவர்களாகப் பார்க்காமல், நிறுவனத்தின் அன்றாடத் தொழிலுக்குள்ளேயே உற்பத்தியாளராக, தொழிலாளியாக, வாடிக்கையாளராக, பங்குதாரராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும், இரு தரப்பும் சம்பாதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். லண்டனில் இயங்கும் சர்வதேச சுற்றுச்சூழல், மேம்பாட்டு நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ஆய்வொன்று இத்தகைய கூட்டுகளை எடைபோட நான்கு அளவுகோல்களை முன்வைத்தது. சொத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு, முடிவெடுக்கும்போது யார் பேச்சு எடுபடுகிறது, நஷ்ட அபாயம் யார் தலையில், ஆதாயம் எப்படிப் பிரிகிறது. மற்ற பயிர்களுக்கு இந்த நான்கும் ஏறத்தாழ ஒரே எடை கொண்டவையாக இருக்கலாம். காய்கறிக்கு அப்படியில்லை. நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பது தெரிந்துவிட்டால் மற்ற மூன்றுக்கும் பாதி விடை தெரிந்துவிடும்.

காய்கறி ஏன் வேறு கணக்கு

உலகில் சுமார் 60 கோடிப் பண்ணைகள் இருப்பதாக ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். அவற்றில் 84 சதவீதம் 2 ஹெக்டேருக்கும், அதாவது ஏறக்குறைய 5 ஏக்கருக்கும் குறைவானவை. உலகின் விவசாய நிலத்தில் இவை வைத்திருப்பது சுமார் 12 சதவீதம்தான். ஆனால் உலக உணவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவற்றிலிருந்து வருகிறது.

நிலம் குறைவாகவும் வேலை செய்யும் கைகள் வீட்டிலேயும் இருக்கிற குடும்பத்துக்குக் காய்கறி நன்றாகப் பொருந்தும். வெண்டை காய்ப்புக்கு வந்துவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போனால் காய் முற்றி, நுனி ஒடியாமல் வளையும். அதற்கப்புறம் யாரும் வாங்க மாட்டார்கள். எது பிஞ்சு, எது பதம், எது இன்னும் ஒரு நாள் செடியில் நிற்கலாம் என்று பார்த்துப் பறிக்கப் பழகிய கண்ணும் கையும் வேண்டும். நூறு ஏக்கரில் கூலிக்கு ஆள் வைத்து இதைச் செய்விப்பதைவிட, அரை ஏக்கரில் ஒரு குடும்பம் செய்வது பெரும்பாலும் மேலாகவே இருக்கும். பெரிய நிறுவனங்கள் சிறு விவசாயிகளைத் தேடி வருவதற்குக் கருணை காரணமல்ல. தரமான பறிப்பு இவர்களிடம்தான் மலிவாகக் கிடைக்கிறது. பேச்சுவார்த்தைக்கு உட்காரும் விவசாயிகள் இதை மனத்தில் வைத்திருப்பது நல்லது.

இந்த அனுகூலத்தைத் தின்றுவிடுவது காயின் ஆயுள். தானியமென்றால் மூட்டை கட்டி அடுக்கிவிட்டு விலை வரட்டும் என்று ஓரிரு மாதமாவது காத்திருக்கலாம். தக்காளியும் கீரையும் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. பறித்த நிமிடத்திலிருந்து விற்பவரின் பேரம் பேசும் பலம் குறையத் தொடங்கும். எதிரில் இருப்பவருக்கும் அது தெரியும். அறுவடைக்கும் சில்லறைக் கடைக்கும் இடையில் உலக உணவில் சுமார் 14 சதவீதம் வீணாகிறது என்று 2019-இல் உணவு, வேளாண் அமைப்பு கணக்கிட்டது. காய், கனிகளில் மட்டும் அது 20 சதவீதத்தைத் தாண்டுகிறது.

குளிர்பதனக் கிடங்கு கட்டினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை பல திட்டங்களில் தெரிகிறது. கீரை, முட்டைக்கோஸ், கேரட் போன்றவை 0 டிகிரி அருகில் நன்றாக நிற்கும். பழுக்காத தக்காளியை 10 டிகிரிக்குக் கீழே சில நாள் வைத்தால் அது சரியாகப் பழுக்காது, மணமும் போய்விடும். கத்தரி, வெண்டை, வெள்ளரி ஆகியவையும் கடுங்குளிர் தாங்காதவை. எல்லாவற்றையும் ஒரே அறையில் அடுக்க முடியாது. எந்தக் காய், எத்தனை மணி நேரத்தில், எந்தச் சந்தைக்குப் போகிறது என்பது முடிவான பிறகுதான் கிடங்கைப் பற்றி யோசிக்க வேண்டும். கிடங்கைக் கட்டிவிட்டு அதற்கேற்ற காயைத் தேடுவது தலைகீழ் வேலை.

இதோடு விலை ஊசலாட்டமும் சேர்ந்துகொள்கிறது. போன பருவத்து விலையைப் பார்த்து எல்லோரும் ஒரே பயிரை நடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் காய்ப்பு வந்து விலை விழுகிறது. கையைச் சுட்டுக்கொண்டவர்கள் அடுத்த முறை நடுவதில்லை, விலை ஏறுகிறது. மூன்று மாதப் பயிரில் இந்தச் சுழற்சி மிக வேகமாகச் சுற்றும்.

கொள்முதல் மேடையில் நடப்பது

ஒரு கொள்முதல் மையத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். விடியலில் பறித்த 100 கிலோ தக்காளியை டிரேக்களில் அடுக்கி ஒரு விவசாயி கொண்டுவருகிறார். தரம் பிரிப்பவர் ஒவ்வொரு டிரேயாக மேசையில் கவிழ்க்கிறார். காம்பைச் சுற்றி வெடிப்பு விட்டது ஒரு பக்கம், புழுத் துளை உள்ளது ஒரு பக்கம், வெயில் பட்டு ஒரு புறம் வெளுத்தது, அளவில் சிறுத்தது, பயணம் தாங்காத அளவுக்குச் சிவந்துவிட்டது என்று தனித்தனியாக ஒதுங்குகின்றன. கடைசியில் எடைத்தராசு 65 கிலோ காட்டுகிறது. 35 கிலோவை எடுத்துப் போகச் சொல்கிறார்கள். மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. மண்டியில் விடிகாலை ஏலம் முடிந்து கடைகளைக் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

இதற்கு எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். மண்டி விலை கிலோவுக்கு 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். நாட்டுக்கு நாடு நாணயம் வேறு என்பதால் அலகு என்றே சொல்கிறேன். தரம் பிரிக்காமல் 100 கிலோவையும் மண்டியில் போட்டு 8 சதவீதம் கமிஷன் கொடுத்தால் கையில் 9,200. நிறுவனம் 15 சதவீதம் கூட்டி, கிலோவுக்கு 115 தருகிறது. 65 கிலோவுக்கு 7,475. திருப்பி அனுப்பிய 35 கிலோவை எப்படியோ பாதி விலைக்குத் தள்ளினால் 1,750. மொத்தம் 9,225. கூடுதல் விலை மொத்தமும் ஆவியாகி, 25 அலகுதான் மிச்சம். தரம் பிரித்த கூலி, இரண்டாவது முறை வண்டி பிடித்த செலவு ஆகியவற்றை நான் இன்னும் சேர்க்கவில்லை. கழித்த காயை வாங்கவே ஆளில்லாத நாளென்றால் 20 சதவீதக் கழிவிலேயே கணக்கு சமனாகிவிடுகிறது: 80 கிலோ, 115 அலகு வீதம், சரியாக அதே 9,200.

ஆக, ‘சந்தை விலையைவிட 15 சதவீதம் அதிகம்’ என்ற வாக்குறுதிக்குத் தனியாக எந்த அர்த்தமும் கிடையாது. கழிவு விகிதத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் அது விலை.

இன்னொரு விஷயமும் மேசையில் நடக்கிறது. நகரத்தில் விற்பனை மந்தமான நாளில் தரம் பார்க்கும் கண் கறாராகிவிடும். நேற்றுப் போன காய் இன்றைக்குப் போகாது. நிறுவனத்துக்கு இன்று 300 கிலோ குறைவாகத்தான் வேண்டும்; அதை ‘எங்களுக்கு விற்பனை இல்லை’ என்று சொல்வதற்குப் பதில் ‘உங்கள் காய் தரமில்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். விற்பனையில் ஏற்பட்ட சரிவு விவசாயியின் குற்றமாக எழுதப்படுகிறது. சிறு விவசாயிகளை நிறுவனக் கூட்டுகளிலிருந்து விரட்டுவதில் விலைத் தகராறைவிட இந்த அவமானத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இடைத்தரகரை எல்லோரும் எளிதாகத் திட்டிவிடுகிறோம். அவரிடம் விவசாயி ஏன் திரும்பத் திரும்பப் போகிறார் என்பதைக் கேட்க வேண்டும். அவர் தோட்டத்துக்கே வண்டியோடு வருகிறார். பெரிசு, சிறிசு, கீறல், வெடிப்பு எல்லாம் சேர்த்து மொத்தக் காயையும் ஏற்றிக்கொள்கிறார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரவிலும் முன்பணம் தருகிறார். அதற்கெல்லாம் சேர்த்து விலையில் பிடித்துக்கொள்கிறார், எடையிலும் சில பேர் கை வைப்பார்கள், அது உண்மை. ஆனாலும் மொத்த வெட்டையும், அதாவது ஒரு பறிப்பில் வந்த எல்லாக் காயையும், எடுக்கிறவர், அவசரத்துக்குப் பணம் தருகிறவர் என்ற இரண்டையும் ஈடுகட்டாத எந்தப் புதிய கூட்டும் ஒரு பருவத்துக்கு மேல் நிற்காது. சில இடங்களில் தரகரையே கொள்முதல் முகவராக, வெளிப்படையான கமிஷனுக்கு உள்ளே கொண்டுவருவது அவரோடு சண்டை பிடிப்பதைவிடப் பலன் தரும்.

கழிவுச் சிக்கலுக்குத் தீர்வுகள் இல்லாமலில்லை. தரத்தை ‘நல்ல தரம்’ என்று எழுதாமல், எத்தனை மில்லிமீட்டர் குறுக்களவு, எந்த நிறம்வரை, எவ்வளவு நீள வெடிப்புவரை ஏற்கலாம் என்று படத்தோடு அச்சிட்டு மையத்தின் சுவரில் ஒட்டலாம். தரம் பிரிக்கும் மேசையில் விவசாயிகளின் பிரதிநிதி ஒருவர் உட்காரலாம். பிரிப்பதைத் தோட்டத்திலேயே முடித்துவிட்டால் கழிவுக்காக வண்டி வாடகை கொடுக்க வேண்டியதில்லை. முந்தைய மாலையே நாளைக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லிவிட்டால் அந்த அளவுக்குத்தான் பறிப்பார்கள்; சொன்ன அளவுக்குக் கீழே எடுத்தால் ஈடு தர வேண்டும் என்று எழுதிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலானது, மொத்த வெட்டையும் வாங்கி மூன்று தரத்துக்கு மூன்று விலை கொடுப்பது. இரண்டாம் தரம் விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும், மூன்றாம் தரம் கூழ், சாஸ் ஆலைகளுக்கும் போகலாம். அந்த வழிகளைத் தேடும் வசதி நிறுவனத்துக்குத்தான் உண்டு, ஒன்பது மணிக்கு 35 கிலோவோடு நிற்கிறவருக்கு இல்லை.

தரச் சான்று என்ற வாசல்

ஏற்றுமதிக் காய்கறியில் கழித்துவிடுவது இன்னொரு உருவத்தில் வந்தது. ஐரோப்பியச் சில்லறை நிறுவனங்கள் 1997-இல் யூரெப்கேப் என்ற பண்ணைத் தரச் சான்று அமைப்பைத் தொடங்கின; 2007-இல் அது குளோபல்கேப் என்று பெயர் மாறியது. பூச்சிமருந்து அடித்த நாள், அளவு, தெளித்த பின் பறிப்புக்கு முன் விட வேண்டிய இடைவெளி, மருந்தைப் பூட்டி வைக்கும் அறை, கை கழுவும் இடம், எல்லாவற்றுக்கும் பதிவேடு என்று விதிகள் நீண்டன. விதிகளில் பலவும் விவசாயியின் உடல்நலத்துக்கே நல்லவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. செலவுதான் சிக்கல். பத்து ஏக்கர்காரருக்கும் கால் ஏக்கர்காரருக்கும் மருந்து அறை ஒன்றுதான், தணிக்கை ஒன்றுதான். கென்யாவில் பச்சை பீன்ஸ் ஏற்றுமதிக்கு விளைவித்த சிறு விவசாயிகளில் கணிசமானோர் இந்தச் செலவைத் தாங்க முடியாமல் 2000-களில் வெளியேறினார்கள். நின்றவர்களில் பெரும்பாலோர், குழுவாகச் சேர்ந்து ஒரே சான்றிதழ் வாங்கும் வழியில், ஏற்றுமதியாளரோ நன்கொடை அமைப்போ செலவில் பங்கெடுத்ததால் நின்றவர்கள்.

கௌதமாலாவில் நடந்தது இன்னும் கூர்மையானது. அங்கே மேட்டு நிலங்களில் மாயா இனச் சிறு விவசாயிகள் அமெரிக்கச் சந்தைக்காகப் பட்டையோடு உண்ணும் பட்டாணியை விளைவித்து வந்தார்கள். இலைகளைக் குடையும் ஈயின் புழு இருக்கிறது என்று சொல்லி 1995-இல் அமெரிக்கத் துறைமுகங்களில் சரக்கு தடுக்கப்பட்டது. பூச்சிமருந்து எச்சத்துக்காகச் சரக்கு திரும்புவது அதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. பிறகு இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து வயல்களில் ஆராய்ந்து, அந்த ஈ அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கும் இனம்தான், புதிதாகப் பரவும் அச்சமில்லை என்று காட்டினார்கள், தடை நீங்கியது. ஒரு பூச்சியின் இனத்தை அடையாளம் காண்கிற வேலை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வருமானத்தை மீட்டது. அந்த ஆய்வைத் தனி விவசாயி ஒருவரால் செய்திருக்க முடியாது, அதுவரை ஏற்பட்ட நஷ்டமோ அவர்மேல்தான் விழுந்தது. கூட்டு என்று சொல்லும்போது ஆய்வகம், பூச்சியியலாளர், அரசின் தாவரப் பாதுகாப்பு அலுவலகம் ஆகியோரையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

இரண்டு நாடுகள், ஒரே பீன்ஸ்

மடகாஸ்கரும் செனகலும் ஐரோப்பாவுக்குப் பச்சை பீன்ஸ் அனுப்பின. போன வழிகள் வேறு.

மடகாஸ்கரில் தலைநகர் அந்தனானரிவோவைச் சுற்றிய மலைப்பகுதியில் லெகோஃப்ரூயி என்ற நிறுவனம் சுமார் 10,000 சிறு விவசாயிகளோடு ஒப்பந்தம் வைத்திருந்தது. ஒவ்வொருவருக்கும் பீன்ஸுக்கென்று சில சென்ட் நிலம்தான். விதை, உரம், மருந்து கடனாக வந்தன. இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு களப்பணியாளர்கள்தான். சுமார் 300 பேர், ஒவ்வொருவர் பொறுப்பிலும் ஏறத்தாழ முப்பது விவசாயிகள். அவர்களுக்குக் கீழே கிராமத்து உதவியாளர்கள். மருந்து தெளிப்பதை நிறுவன ஆட்களே கவனித்தார்கள். 2009-இல் வெளியான ஆய்வு, ஒப்பந்தக் குடும்பங்களில் அரிசி தீர்ந்து பட்டினி கிடக்கும் மாதங்கள் மற்றவர்களைவிடக் குறைந்திருந்ததைக் காட்டியது. பீன்ஸுக்காகக் கற்றுக்கொண்ட மக்கு உரத் தயாரிப்பால், அதே வயலில் அடுத்து நட்ட நெல்லின் விளைச்சலும் உயர்ந்தது. பீன்ஸ் பணத்தைவிட இந்த நெல்தான் அந்தக் குடும்பங்களுக்குப் பெரிய வரவு என்பது என் வாசிப்பு. ஏற்றுமதிப் பயிரை நட்டால் சாப்பாட்டுப் பயிர் போய்விடும் என்ற அச்சத்துக்கு அந்த வயல்கள் நல்ல பதில். அதே சமயம் அங்கே ஏறக்குறைய ஒரே பெரிய கொள்முதலாளர்தான். விவசாயிக்கு மாற்று வாசல் கிடையாது. அந்த நல்ல பலன்கள் நிறுவனத்தின் நடத்தையை நம்பி நின்றவை.

செனகலில் தரவிதிகள் இறுகியபோது ஏற்றுமதியாளர்கள் சிறு விவசாயிகளை விட்டுச் சொந்தத் தோட்டங்களை நோக்கி நகர்ந்தார்கள். ஒப்பந்த விவசாயி பலர் கூலித் தொழிலாளியானார். இதை வீழ்ச்சி என்று மட்டும் சொல்லிவிட முடியாது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அங்கே ஆராய்ந்தவர்கள், தோட்டத்திலும் சிப்பம் கட்டும் கூடங்களிலும் கிடைத்த கூலி வேலை, ஒப்பந்தம் பெறவே வழியில்லாத பரம ஏழைகளுக்கும் பெண்களுக்கும் போய்ச் சேர்ந்ததைக் கண்டார்கள். ஒப்பந்தம் கொஞ்சம் நிலமும் நீரும் உள்ளவர்களைத்தான் தொட்டது. ‘எத்தனை சிறு விவசாயிகள் பதிவு செய்திருக்கிறார்கள்’ என்பதை மட்டும் எண்ணுகிற திட்டம், நிலமே இல்லாதவரைப் பார்ப்பதில்லை. தரம் பிரிக்கும் கூடத்தின் வேலை யாருக்கு, என்ன கூலிக்கு, எத்தனை மணி நேரத்துக்கு என்பதும் கூட்டின் பகுதிதான்.

விவசாயிகளே மேசையைப் பிடித்தால்

இதுவரை சொன்னதெல்லாம் நிறுவனம் விவசாயியைத் தேடி வரும் வழி. எதிர்த்திசையிலும் வழி உண்டு. நெதர்லாந்தின் புரூக் ஓப் லாங்கடெய்க் என்ற ஊரில் 1887-இல் காய்கறி ஏலம் தொடங்கியது. கால்வாய்கள் நிறைந்த அந்தப் பகுதியில் விவசாயிகள் முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் ஏற்றிய படகுகளோடு வந்து வரிசையாக நிற்க, வியாபாரிகள் ஒரே இடத்தில் போட்டி போட்டு வாங்கினார்கள். அதுவரை வியாபாரி படகு படகாகப் போய்த் தனித்தனியே விலையை அடித்துப் பேசினார். ஏலம் வந்ததும் எல்லாருக்கும் ஒரே விலை கண்ணுக்குத் தெரிந்தது. இந்த ஏல முறை நாடு முழுக்கப் பரவி, விவசாயிகளின் கூட்டுறவுச் சொத்தாகப் பல தலைமுறை நின்றது. பெரிய சில்லறை நிறுவனங்கள் ஏலத்துக்கு வெளியே நேரடிக் கொள்முதலை விரும்பத் தொடங்கியபோது, 1996-இல் ஒன்பது ஏலச் சங்கங்கள் இணைந்து தி கிரீனரி என்ற பொது விற்பனை நிறுவனமானார்கள். சந்தை மாறும்போது அமைப்பும் மாற வேண்டியிருந்தது; உடைமை விவசாயிகளிடமே இருந்தது.

கேரளத்தில் 2001-இல் உருவான காய்கறி, பழ மேம்பாட்டுக் குழுமம் இதே எண்ணத்தைச் சிறு அளவில் செய்து காட்டியது. ஐரோப்பிய உதவியோடு 1990-களில் நடந்த தோட்டக்கலைத் திட்டத்திலிருந்து பிறந்தது அது. அக்கம்பக்கத்து விவசாயிகள் சேர்ந்த குழு ஒவ்வொன்றிலும் மூவருக்குத் தனிப் பயிற்சி: ஒருவர் சாகுபடி நுட்பத்துக்கு, ஒருவர் கடனுக்கு, ஒருவர் விற்பனைக்கு. பல குழுக்கள் சேர்ந்து தங்கள் பகுதியிலேயே சந்தை நடத்தின. இருபது வாழைத்தார், ஒரு கூடைப் பாகல் என்று தனித்தனியே வந்தால் எந்த வியாபாரியும் வண்டி கட்டி வர மாட்டார். சேர்த்து அடுக்கினால் வருவார். அந்தத் திட்டத்தின் இன்னொரு அருமையான அம்சம், பத்திரம் இல்லாத குத்தகை விவசாயிக்கும் வங்கிக் கடன் கிடைக்க ஏற்பாடு செய்தது. நிலப் பட்டாவைப் பதிவின் முதல் நிபந்தனையாக வைக்கிற எந்தக் கூட்டும், காய்கறி போடுகிறவர்களில் ஏழைகளானவர்களை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

குழு என்றால் தானாகவே நல்லது என்று நான் சொல்லவில்லை. கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரிடம் எல்லாம் போய்ச் சேர்ந்து, மற்றவர்கள் கையெழுத்துப் போடுகிறவர்களாக மாறிய சங்கங்களும் உண்டு. எடைச் சீட்டும் விற்பனைச் சீட்டும் அன்றன்றைக்கு எல்லோர் பார்வைக்கும் வருகிறதா என்பது தேர்தல் நடந்ததா என்பதைவிட முக்கியம்.

விலையும் பணமும்

நிலையான ஒரே விலையை எழுதிக்கொள்வது கேட்க நன்றாயிருக்கும், காய்கறியில் நிற்காது. சந்தை விலை ஒப்பந்த விலையைப்போல இரு மடங்கான நாளில் விவசாயி வெளியே விற்பார். பாதியான நாளில் நிறுவனம் தரத்தைக் காரணம் காட்டும். முதலாவதை நிறுவனங்கள் துரோகம் என்கின்றன. இரண்டாவதற்கு அவர்கள் அந்தப் பெயர் வைப்பதில்லை. எனக்கு இரண்டும் ஒன்றுதான். நிலைத்து நின்ற ஏற்பாடுகள் பெரும்பாலும் வேறு மாதிரி எழுதப்பட்டவை: சாகுபடிச் செலவை ஈடுகட்டும் அடிவிலை, அதற்கு மேல் குறிப்பிட்ட சந்தையின் போன வார சராசரியோடு நகரும் விலை, விளைச்சலில் பாதியை மட்டும் கட்டாயமாக்கி மீதியை விவசாயியின் விருப்பத்துக்கு விடுவது. பாதியைத் திறந்து வைத்தால் வெளிச்சந்தைக் கவர்ச்சியும் குறைகிறது, ஒரே வாங்குபவரை நம்பி நிற்கும் நிலையும் குறைகிறது.

விலைச் சரிவை இரு தரப்பு மட்டும் தாங்க முடியாதபோது அரசு மூன்றாவது தோளாக வருவதற்கு ஜப்பான் பழைய உதாரணம். 1966-இல் வந்த சட்டத்தின்படி முட்டைக்கோஸ், வெங்காயம், தக்காளி போன்ற முக்கியக் காய்கறிகளுக்கு ஒரு நிதி அமைத்தார்கள். பொதுவாக மத்திய அரசு 60 சதவீதம், மாகாண அரசு 20, உற்பத்தியாளர்கள் 20 என்று பங்கு போடுகிறார்கள். சந்தை விலை நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால் நிதியிலிருந்து ஈட்டுத்தொகை வருகிறது. அடுத்த பருவத்திலும் நடவு நிற்காமல் தொடர்வதுதான் நோக்கம். அதனால் பயனடைவது நகரத்து நுகர்வோரும்தான். விவசாயிகளும் தங்கள் பங்கைக் கட்டுவதால் இதை வெறும் மானியம் என்று ஒதுக்க முடியாது.

பணம் கைக்கு வரும் நாள் விலையளவுக்கு முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த வணிக நடைமுறைச் சட்டம், அழுகும் விளைபொருளுக்கு 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. 30 நாளுக்கும் குறைவான அவகாசத்தில் ஆர்டரை ரத்து செய்யக்கூடாது. சரக்கு வாங்கியவர் கைக்குப் போன பிறகு விற்றவரின் தவறில்லாமல் கெட்டுப்போனால் அதை விற்றவர் கணக்கில் எழுதக்கூடாது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து அனுப்புகிறவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. கழித்த காய் யார் கணக்கு என்ற கேள்வியைச் சட்டம் இவ்வளவு நேராகத் தொட்டது வரவேற்க வேண்டியது. ஆனால் அது ஏற்றுமதியாளர் வரைதான் வந்து நிற்கிறது. அவரிடமிருந்து தோட்டத்துக்குப் பணம் எப்போது போகிறது என்பது உள்நாட்டு ஒப்பந்தத்தின் வேலை. அங்கே 30 நாளும் அதிகம். பறிப்புக் கூலி வாரக் கடைசியில் கொடுத்தாக வேண்டும். ஏழு நாளில் பணம் தர முடியாத நிறுவனம் அந்த இடைவெளிக்கு வங்கியை உள்ளே கொண்டுவர வேண்டும், வட்டியைத் தானே ஏற்க வேண்டும்.

யார் பெயரில் பணம் வருகிறது என்பதையும் விட்டுவிட முடியாது. கென்யாவின் மேரு பகுதியில் வீட்டுத் தேவைக்கான காய்கறித் தோட்டம் வழக்கமாகப் பெண்கள் பொறுப்பில் இருந்தது. ஏற்றுமதி பீன்ஸில் பணம் புரளத் தொடங்கியதும் நிலமும் ஒப்பந்தமும் ஆண்கள் கைக்கு மாறின. நடவும் களையும் பறிப்பும் பெண்களிடமே இருந்தன. குனிந்து பறிக்கிறவர் பெயரில் உறுப்பினர் அட்டையும் வங்கிக் கணக்கும் இல்லாத கூட்டு, அந்த வீட்டுக்குள்ளேயே ஒருவரை வெளியே நிறுத்துகிறது. கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்வதற்குச் செலவு என்று ஒன்றுமில்லை. பயிற்சியைப் பறிப்பு நேரத்தில் வைக்காமல் மதியத்துக்கு மேல் வைப்பதற்கும் செலவில்லை.

திட்டப் பணம் தீர்ந்த பிறகு

காய்கறிக் கூட்டுகள் பல நன்கொடை அமைப்புகளின் பணத்தில் தொடங்குகின்றன. மூன்று நான்கு ஆண்டுகளுக்குக் களப்பணியாளர் சம்பளம், சான்றிதழ் கட்டணம், கொள்முதல் மைய வாடகை எல்லாம் அதிலிருந்து போகும். மடகாஸ்கரில் முப்பது விவசாயிகளுக்கு ஒரு களப்பணியாளர் இருந்ததை நினைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய செலவு என்று புரியும். திட்டம் முடிந்ததும் களப்பணியாளர் போகிறார். மருந்துப் பதிவேடு நின்றுபோகிறது. சான்றிதழ் காலாவதியாகிறது. கொள்முதல் மேசையில் விவசாயிகளின் பிரதிநிதியாக உட்கார்ந்தவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அடுத்த பருவத்தில் பழையபடி தரகரின் வண்டி வரும்.

இதைத் தவிர்க்க வேண்டுமென்றால் களப்பணியாளர் சம்பளம் முதல் பருவத்திலிருந்தே, சிறு பகுதியாகவாவது, காயின் விற்பனைக்குள்ளிருந்து வர வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று நிறுவனமும் குழுவும் சமமாகப் போட்டு ஆண்டுக்கு ஆண்டு பங்கைக் கூட்டலாம். நன்கொடைப் பணம் அந்த அளவுக்குக் குறைந்துகொண்டே வரலாம். மூன்றாம் ஆண்டில் விற்பனை அந்தச் சம்பளத்தைத் தாங்கவில்லை என்றால் கூட்டின் அளவு தவறு அல்லது தேர்ந்த பயிர் தவறு என்று அப்போதே தெரிந்துவிடும். மாற்றிக்கொள்ளப் பணமும் ஆளும் இன்னும் கையிலிருக்கும். நிறுவனம் விலக நினைத்தால் ஒரு முழுப் பயிர்க் காலம் முன்பே சொல்ல வேண்டும், செடி வயலில் நிற்கும்போது விலகினால் அந்த வெட்டை எடுத்துக்கொண்டுதான் விலக வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில், முதல் பக்கத்திலேயே, விலைக்குப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியவை.